சந்தியில் நிற்கும் மூன்று விளக்குகள்



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடுகின்ற இடத்தை நம்மில் பலரும் அறிவோம். தேக்கா என்று சொன்னால் உடனே விளங்கிவிடும். தீபாவளிக்குச் சேலை எடுக்கவும், தாலிக்குப் பொன் பார்க்கவும், உறவினர் வீட்டுக்குப் போகிற வழியில் மாலை வாங்கவும் மலாக்காவிலிருந்து போகிற நம்மவர்கள் அந்தச் சந்தியில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. 1948ஆம் ஆண்டில் அந்தச் சந்தியில்தான் சிங்கப்பூரின் முதலாவது தானியங்கிச் சமிக்ஞை விளக்கு நாட்டப்பட்டது. இன்று அத்தீவின் சாலைச் சந்திகளில் உள்ள விளக்குகள் ஒரே கட்டுப்பாட்டு நிலையத்துடன் இணைந்து வேலை செய்கின்றன. தனியாக நின்ற ஒரு விளக்கிலிருந்து இந்த ஏற்பாடு வரையில் நடந்த மாற்றங்களே இன்றைய பேச்சின் பொருள்.

தோட்டத்தில் வாழும் நமக்கு நகரத்து விளக்கின் கதை எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். லுபோக் சைனா, மஸ்ஜித் தானா, சுங்கை ஊடாங் வழியாக மலாக்கா பட்டணத்துக்குச் செல்லும் கூட்டரசு 5ஆம் எண் சாலையைப் பெரியவர்கள் இன்னும் 'பெரிய சடக்கு' என்றுதான் சொல்கிறார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்துவந்து அந்தச் சடக்கில் ஏறுகிறவருக்குச் சாலையைக் கடப்பது ஒவ்வொரு நாளும் செய்யவேண்டிய காரியம். நம் பிள்ளைகள் படித்துவிட்டு ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அங்கே விடியற்காலையில் சமிக்ஞை விளக்கின் முன்னால் காத்து நிற்கிறார்கள். அந்த விளக்கு எவருக்கு எத்தனை விநாடி கொடுக்கவேண்டும் என்பதை எங்கோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறார். அந்தத் தீர்மானம் எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் நடந்து போகிறவருக்கு என்ன பங்கு கிடைத்தது என்பதை அறிந்து வைத்திருப்பது நமக்கு உரியதே.

முதலில் விளக்கு இல்லாத காலத்தைப் பார்ப்போம். தேக்கா வட்டாரத்துக்கு மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்' என்று பெயர். எருமைத் தொழுவம் என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே மாடுகளும் எருமைகளும் மிகுதி. மாட்டு வியாபாரத்திலும் பால் வியாபாரத்திலும் நம்மவர் பலர் ஈடுபட்டிருந்தனர். சாலையில் மாட்டு வண்டியும், ரிக்சாவும், தலையில் கூடை சுமந்து நடப்பவர்களும் கலந்து சென்றார்கள். அந்தச் சாலைகளுக்குப் பின்னாலும் நம்மவரின் உழைப்பு இருக்கிறது. 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளைக் கொண்டே சிங்கப்பூரில் பல சாலைகளும் கட்டடங்களும் அமைக்கப்பட்டன. பிற்காலத்தில் நகராண்மைக் கழகத்திலும் பொதுப்பணி இலாகாவிலும் கல் உடைத்துத் தார் ஊற்றியவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்தொகையினர்.

மோட்டார் வாகனங்கள் பெருகியபோது சந்தியின் நடுவில் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தினார்கள். நம் பாட்டனார்கள் 'மாத்தா' என்று அழைத்தார்களே, அவரைத்தான். நாள் முழுவதும் கையை நீட்டிக்கொண்டே நின்றால் தோள் என்னாவது? அதற்காகச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஒரு வேடிக்கையான ஏற்பாட்டைச் செய்தார்கள். பிரம்பால் பின்னிய நீண்ட தட்டி ஒன்றை இரண்டு இறக்கைகளைப் போல அவர் முதுகில் கட்டிவிட்டார்கள். இறக்கைகள் நீண்டிருக்கும் பக்கம் ஒரு சாலை என்றால், அவருடைய நெஞ்சும் முதுகும் காட்டும் பக்கம் மற்றொரு சாலை. அவர் உடம்பைத் திருப்பினால் போதும், ஒரு சாலை நின்று மற்றொரு சாலை நகரும். பழைய புகைப்படங்களில் அந்த இறக்கை கட்டிய போலீஸ்காரரைக் காணும் நம் மாணவர்கள் சிரிக்காமல் இருப்பதில்லை.

சிரிப்புக்கு நடுவே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவருக்குக் கண் இருந்தது. எந்தப் பக்கம் வண்டிகள் மிகுதி, எந்தப் பக்கம் சாலை காலி என்று அவர் பார்த்தே உடம்பைத் திருப்பினார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் தயங்கி நிற்கும் தாயையும் அவரால் பார்க்க முடிந்தது. அவருடைய இடத்துக்கு விளக்கு வந்தபோது அந்தக் கண் போய்விட்டது. விளக்குக்கு மறுபடியும் கண் வைப்பதற்கு எத்தனை காலம் பிடித்தது, அந்தக் கண் முதலில் யாரைப் பார்த்தது என்பதை இனிப் பார்ப்போம்.

உலகத்தின் முதலாவது சமிக்ஞை விளக்கு 1868ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லண்டன் மாநகரில் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே வைக்கப்பட்டது. அதை வகுத்தவர் ஜான் பீக் நைட் என்னும் இரயில்வே பொறியியலாளர். சிவப்பும் பச்சையும் இரயில் பாதையிலிருந்தே சாலைக்கு வந்தன. பகலில் கைமரம் உயர்ந்து தாழும். இரவில் எரிவாயுவால் எரியும் சிவப்பு, பச்சை விளக்குகள் தெரியும். அதை இயக்குவதற்கும் ஒரு போலீஸ்காரர் அருகிலேயே நிற்கவேண்டியிருந்தது. மறு மாதமே, 1869ஆம் ஆண்டு ஜனவரியில், எரிவாயு கசிந்து விளக்கு வெடித்தது. பணியில் இருந்த போலீஸ்காரர் காயமுற்றார். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேலாக லண்டன் அந்த முயற்சியைத் தொடவேயில்லை. 1926ஆம் ஆண்டில்தான் பிக்கடில்லியில் மின்சார விளக்குகள் வந்தன.

இதற்கிடையில் அமெரிக்கா முந்திக்கொண்டது. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிளீவ்லாந்து நகரில் மின்சார விளக்கு ஏற்றப்பட்டது. நாம் இன்று காணும் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றையும் நான்கு திசைக்கும் காட்டும் விளக்கை 1920ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில் உருவாக்கியவர் வில்லியம் பாட்ஸ். அவர் ஒரு போலீஸ் அதிகாரி என்பது குறிப்பிடத்தக்கது.

கண் இல்லாத விளக்குக்கு முதலில் காது வைத்துப் பார்த்தார்கள் என்றால் நேயர்கள் நம்பமாட்டீர்கள். 1928ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் சார்ல்ஸ் அட்லர் என்பவர் ஒரு விளக்கை அமைத்தார். கிளைச் சாலையில் வரும் வாகனமோட்டி ஒலிப்பானை அடித்தால், கம்பத்தில் இருக்கும் கருவி அதைக் கேட்டு அவருக்குப் பச்சை காட்டும். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களின் தூக்கம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இந்த முறை நிலைக்கவில்லை. ஆனாலும், விளக்கு தன் முன்னால் யார் வந்திருக்கிறார் என்பதை அறியவேண்டும் என்ற எண்ணம் அப்பொழுதே தோன்றிவிட்டது.

பெரும்பாலான நகரங்களில் அமைந்தது கடிகார விளக்குதான். அதன் குறை என்ன என்பதை நம் தோட்டத்துப் பால் ஸ்டோரை வைத்து விளக்கலாம். மேல் பிரிவுக்கு 10 நிமிடம், கீழ்ப் பிரிவுக்கு 10 நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்தே கிராணி பால் நிறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல் பிரிவிலிருந்து இரண்டே பேர் வந்திருக்கிறார்கள். கீழ்ப் பிரிவில் 30 பேர் வாளியோடு வெயிலில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் நிறுத்து முடித்த பிறகு மீதி நேரம் முழுவதும் தராசு சும்மா கிடக்கும். கீழ்ப் பிரிவின் வரிசையில் பால் உறையத் தொடங்கும். எந்தக் கிராணியும் அவ்வாறு செய்யமாட்டார், அவருக்குக் கண் இருக்கிறது. கடிகார விளக்கு அதைத்தான் செய்தது.

இன்னொரு கணக்கையும் இங்கே சொல்லவேண்டும். இதை எழுதிப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். விளக்கு ஒரு சாலையை நிறுத்தி மறு சாலையை விடும் ஒவ்வொரு முறையும், மஞ்சளும் எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும் இடைவெளியும் சேர்ந்து சுமார் 5 விநாடி வீணாகும் என்று கொள்வோம். நான்கு பக்கச் சந்தியில் ஒரு சுற்றுக்கு 20 விநாடி. ஒரு சுற்று 60 விநாடி என்றால் ஒரு மணி நேரத்தில் 60 சுற்று. 1,200 விநாடி, அதாவது 20 நிமிடம் யாருக்கும் பயனின்றிப் போகும். அதே சுற்றை 120 விநாடி ஆக்கினால் ஒரு மணி நேரத்தில் 30 சுற்றுதான். 10 நிமிடம் மட்டுமே வீண். மிச்சமான 10 நிமிடத்தில், ஒரு தடத்தில் 2 விநாடிக்கு ஒரு கார் என்ற பொதுக் கணக்குப்படி, 300 கார்கள் கூடுதலாகப் போகலாம். ஆகவே நெரிசல் மிகுந்த சந்திகளில் பொறியியலாளர்கள் சுற்றை நீட்டவே விரும்புவார்கள். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கடப்பதற்காக ஓரத்தில் நிற்பவருடைய காத்திருப்பும் அதனோடு நீள்கிறது. முன்பு ஒரு நிமிடத்துக்குள் முறை வந்தவருக்கு இப்பொழுது கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். காரில் இருப்பவருக்கு நிழல் இருக்கிறது. நடப்பவர் தலைமேல் வெயிலோ மழையோ இருக்கிறது. வாகனங்களை மட்டும் எண்ணிச் செய்யும் கணக்கில் இந்தச் செலவு ஏறுவதே இல்லை.

தனித்தனி விளக்குகளை ஒன்றோடொன்று கோர்ப்பது அடுத்த படி. 1917ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் 6 சந்திகளின் விளக்குகளை இணைத்து, ஓரிடத்திலிருந்து கையால் இயக்கினார்கள். இதன் தத்துவம் எளியது. ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் இடையே 500 மீட்டர் தூரம். கார்கள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. அந்தத் தூரத்தைக் கடக்க 36 விநாடி ஆகும். முதல் விளக்கு பச்சையாகி 36 விநாடி கழித்து அடுத்த விளக்கும் பச்சையானால், முதல் சந்தியில் புறப்பட்ட கூட்டம் நிற்காமலே போய்க்கொண்டிருக்கும். ஒரு நீளச் சாலைக்கு இது சரி. குறுக்கும் நெடுக்குமாக நூற்றுக்கணக்கான சந்திகள் இருக்கும் மாநகரத்தில் இந்தக் கணக்கைக் கையால் போட்டு முடிக்க இயலாது.

அங்கேதான் கணிப்பொறி வருகிறது. 1963ஆம் ஆண்டில் கனடாவின் டொரன்டோ நகரம், இன்று இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் அதே டொரன்டோதான், தன் சமிக்ஞை விளக்குகளை யூனிவாக் 1107 என்னும் கணிப்பொறியின் கீழ்க் கொண்டுவந்தது. ஒரு மாநகரம் முழுமைக்கும் அவ்வாறு செய்யத் துணிந்ததில் அதுவே முதல். அந்நாளில் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் அது. நம் பிள்ளைகள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைத்தொலைபேசிக்கு அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் உண்டு.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தனி நாடான பிறகு அங்கே தொழிற்சாலைகள் பெருகின, சம்பளம் கூடியது, கார்களும் பெருகின. தீவோ சிறியது. சாலையை அகலப்படுத்திக்கொண்டே போக இடம் இல்லை. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் முதல், காலை நெரிசல் நேரத்தில் நகரின் மையப் பகுதிக்குள் கார் நுழையவேண்டுமானால் நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமச் சீட்டு வாங்கி ஒட்டவேண்டும் என்று விதித்தார்கள். ஓட்டுநரோடு சேர்த்து 4 பேர் இருந்தால் கட்டணம் இல்லை. நகருக்குள் வருகிற வாகனங்களை இது குறைத்தது. வந்துவிட்ட வாகனங்களைச் சந்திகளில் ஒழுங்குபடுத்தும் வேலை மீதி இருந்தது.

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நகரின் மையப் பகுதி விளக்குகளைக் கணிப்பொறியோடு இணைத்தார்கள். வட்டாரப் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். காலைக்கு ஒரு திட்டம், நண்பகலுக்கு ஒரு திட்டம், மாலைக்கு ஒரு திட்டம் என்று முன்கூட்டியே வகுத்துக் கணிப்பொறியில் போட்டு வைத்தார்கள். நேரம் வந்ததும் எல்லா விளக்குகளும் சேர்ந்தாற்போல் ஒரு திட்டத்திலிருந்து மற்றொரு திட்டத்துக்கு மாறும். முன்பு தனித்தனியாக ஓடிய கடிகாரங்கள் இப்பொழுது ஒன்றாக ஓடின என்று சொல்லலாம். கண் இன்னும் வரவில்லை. திட்டம் வகுப்பதற்காகச் சாலையில் ஆட்களை நிறுத்தி வாகனங்களை எண்ணிய நாளில் நிலைமை எப்படியோ, அதற்குத்தான் அது பொருந்தும். புதிய குடியிருப்பு எழுந்தாலும், கடைத்தெரு இடம் மாறினாலும், தீபாவளிக்கு முந்திய இரவில் சிராங்கூன் சாலை நிரம்பி வழிந்தாலும் திட்டத்துக்குத் தெரியாது. எண்ணிய நாளிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவுக்குத் திட்டம் பழையதாகிக்கொண்டே வரும். மறுபடியும் ஆட்களை நிறுத்தி எண்ணவேண்டும்.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வேறொரு முறை உருவாகியிருந்தது. 1970ஆம் ஆண்டுகளில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நெடுஞ்சாலை இலாகாவில் ஆர்தர் சிம்ஸ் என்னும் பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் அமைத்த அந்த முறைக்கு 'ஸ்காட்ஸ்' என்று பெயர். சிங்கப்பூர் இதை எடுத்துத் தனக்கேற்றவாறு திருத்தி, 1988ஆம் ஆண்டில் 'கிளைட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. பச்சை விளக்குகளை ஒன்றோடொன்று இணைத்து நிர்ணயிப்பது என்பது அப்பெயரின் விரிவு. முதலில் நகர மையத்தில் வைத்தார்கள். பிறகு படிப்படியாகத் தீவு முழுவதற்கும் விரித்தார்கள். 1995ஆம் ஆண்டில் நிலப் போக்குவரத்து ஆணையம் அமைந்தபோது இப்பொறுப்பு அதனிடம் சென்றது.

இது எவ்வாறு வேலை செய்கிறது? சந்தியில் வாகனங்கள் நிற்கும் வெள்ளைக் கோட்டுக்கு அருகே தார்ச் சாலையை மெல்லிய கோடாக அறுத்து, அதற்குள் கம்பிச் சுருளைப் பதித்து, மேலே தாரால் மூடிவிடுவார்கள். கம்பியில் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். இரும்புடல் கொண்ட வாகனம் ஒன்று மேலே வந்தால் அந்தச் சுருளின் மின் தன்மை சற்றே மாறும். அந்த மாற்றத்தைக் கருவி கண்டுகொள்கிறது. பச்சை எரியும்போது வாகனங்கள் நெருக்கமாகப் போகின்றனவா, இடைவெளி விட்டு விட்டுப் போகின்றனவா என்பதை இதன்மூலம் கணக்கிடலாம். நெருக்கமாகப் போனால் அந்தப் பச்சைக்குத் தேவை இருக்கிறது. இடைவெளி அகன்றால் பச்சை வீணாகிறது. வீணாகும் விநாடிகளைப் பிடுங்கி, காத்திருக்கும் சாலைக்கு அடுத்த சுற்றில் கொடுத்துவிடும். ஒரு சுற்று எத்தனை விநாடி, அதில் எந்தச் சாலைக்கு எவ்வளவு பங்கு, அடுத்த சந்தியின் பச்சை எத்தனை விநாடி பின்தள்ளி வரவேண்டும் ஆகிய மூன்றையும் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். பால் ஸ்டோர்க் கிராணிக்கு இருந்த கண் விளக்குக்கு வந்துவிட்டது என்று இதைக் கொள்ளலாம்.

இங்கே நம்மவர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கம்பிச் சுருள் லோரியையும் காரையும் எளிதில் கண்டுகொள்ளும். நம் தோட்டங்களில் வீட்டுக்கு ஒன்றாய் இருக்கும் சிறிய கப்சாய் மோட்டார் சைக்கிளில் இரும்பு குறைவு. சில சமயங்களில் சுருளுக்கு அது தெரியாமலே போய்விடும். இரவில் கிளைச் சாலையில் தனியாக நிற்கும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு விளக்கு மாறுவதே இல்லை என்ற குறை பல நாடுகளிலும் உண்டு. தார்ச் சாலையில் அறுத்து அடைத்த கோடு கண்ணுக்குத் தெரிந்தால், அந்தக் கோட்டின் நேர் மேலே சக்கரத்தை நிறுத்தவேண்டும். சுருளின் நடுவில் நிற்பதைவிடக் கம்பியின் மேல் நிற்கும்போது கருவி நன்றாக உணரும். சிவப்பில் பாய்ந்து போவதைவிட இது மேல்.

கிளைட் முறையால் கிடைத்த மற்றொரு நன்மை, பழுது பார்ப்பது. முன்பெல்லாம் ஒரு விளக்கு அணைந்துவிட்டால் யாராவது போலீசுக்குச் சொல்லும்வரை அது அப்படியே கிடக்கும். இப்பொழுது பழுது ஏற்பட்டதும் நிலையத்துக்குச் செய்தி போய்விடுகிறது. ஏணியும் கருவிப் பெட்டியும் கொண்டு பழுது பார்ப்பவர்கள் உடனே புறப்படலாம்.

எல்லாவற்றையும் ஒரு நிலையத்தில் சேர்த்து வைப்பதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டிக் கணிப்பொறிக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நகரப் பொறியியலாளர்களின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கிய வேளையில், அவர்களில் இருவர் கணிப்பொறிக்குள் புகுந்து 4 முக்கியச் சந்திகளின் விளக்குகளில் கைவைத்துவிட்டார்கள். அவற்றைச் சரிசெய்ய நான்கு நாட்கள் பிடித்தன. பின்னர் நீதிமன்றத்தில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். வேலைநிறுத்தம் என்பது தொழிலாளியின் உரிமை என்று அறிந்தவர்கள் நாம். அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவேண்டிய அவசியமில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே தொலைவிலிருக்கும் சந்திகளைக் குழப்ப முடிந்ததே, நாம் கவனிக்கவேண்டியது அதைத்தான். இறக்கை கட்டிய போலீஸ்காரர் காலத்தில் ஒருவர் குழப்பினால் ஒரு சந்திதான் குழம்பும்.

மின்சாரம் நின்றாலும் அதே கதி. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மாலையில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை நடுவயதினர் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்தோம். நகரங்களில் சமிக்ஞை விளக்குகள் இருண்டுபோக, மனிதர்கள் மறுபடியும் சந்தியில் இறங்கிக் கையைக் காட்டவேண்டி வந்தது.

இனி, நடந்து போகிறவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம். சாலையில் புதைத்த கம்பி இரும்பைத்தான் அறியும். எலும்பையும் சதையையும் அறியாது. எனவே பாதசாரி தாம் வந்திருப்பதைத் தாமே சொல்லவேண்டும். கம்பத்தில் உள்ள பொத்தானை அழுத்துவது அதற்குத்தான். அழுத்தாமல் நின்றால் யாரும் இல்லை என்றே பல இடங்களில் விளக்கு நினைத்துக்கொள்ளும். நம்மில் சிலர் பொத்தானை அழுத்திப் பயனில்லை என்று சொல்லிக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். அப்படி நிற்பவருக்குப் பச்சை மனிதன் வராமலே ஒரு சுற்று கடந்துபோகக்கூடும்.

அந்தப் பச்சை மனிதனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1961ஆம் ஆண்டில் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்னும் போக்குவரத்து உளவியலாளர், நடப்பவர்களுக்கென்று தனி விளக்கும், அதில் மனித உருவமும் வேண்டும் என்று முன்வைத்தார். நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உருவம்தான் எளிதில் விளங்கும் என்பது அவர் கருத்து. தொப்பி அணிந்து விரைந்து நடக்கும் அவருடைய பச்சை மனிதனை இன்றும் பெர்லினில் காணலாம்.

அந்தப் பச்சை மனிதன் எத்தனை விநாடி நிற்கவேண்டும்? பொறியியலாளர்கள் பொதுவாக மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு தடச் சாலையின் அகலம் சுமார் 14 மீட்டர் என்றால் 12 விநாடி போதும். ஆனால் மூட்டு வலியோடு நடக்கும் பாட்டி விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஏறத்தாழ 18 விநாடி வேண்டும். அந்த 6 விநாடிக் குறையில் பாட்டி சாலையின் நடுவில் இருப்பார். எதிரே கார்களுக்குப் பச்சை விழுந்திருக்கும். நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள் நம் குடும்பங்களில் எத்தனை என்பதை நாம் அறிவோம். அந்த 1.2 மீட்டர்க் கணக்கில் அவர்கள் அடங்கமாட்டார்கள்.

எல்லாருக்கும் 18 விநாடி கொடுத்துவிடலாமே என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கூடுதல் விநாடிகளை வாகனங்களிடமிருந்து எடுக்கவேண்டும். முதியவர் யாரும் இல்லாத நேரத்திலும் எடுக்கவேண்டும். மறுபடியும் கடிகார விளக்கின் குறைதான். முதியவர் வந்திருக்கிறார் என்று விளக்குக்குத் தெரிந்தால் மட்டுமே இதற்கு வழி பிறக்கும். சிங்கப்பூர் 2009ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. முதியவர்களும் உடற்குறை உடையவர்களும் பேருந்துக்கும் இரயிலுக்கும் பயன்படுத்தும் சலுகை அட்டை ஒன்றை வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் உள்ள கருவியில் அந்த அட்டையைக் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்பப் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான். சோதனை வெற்றி பெற்றதால் பிறகு பல நூறு இடங்களில் அதை வைத்தார்கள்.

ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். தேக்காச் சந்தியில் விளக்கு வந்தது 1948. வாகனத்தைப் பார்க்கும் கண் வந்தது 1988. மெதுவாக நடக்கும் முதியவரை அடையாளம் காண வழி பிறந்தது 2009. வாகனம் சாலையில் வந்தாலே போதும். முதியவரோ அட்டையை எடுத்துக் காட்டவேண்டும். மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால், அவரும் 20 வயது இளைஞரும் விளக்குக்கு ஒன்றுதான்.

நம் நாட்டிலும் மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2018ஆம் ஆண்டு ஜனவரியில், சீனாவின் அலிபாபா நிறுவனம், மலேசிய இலக்கவியல் பொருளாதாரக் கழகம், கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம் ஆகியவை சேர்ந்து, காமிராக்கள் தரும் படங்களைக் கணிப்பொறியால் ஆராய்ந்து சமிக்ஞை விளக்குகளை நடத்தும் திட்டத்தை அறிவித்தன. தொடக்கமாக 281 சந்திகளின் விளக்குகள் அதில் சேர்க்கப்படும் என்று கூறப்பட்டது. கம்பிச் சுருளைவிடக் காமிராவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அது மோட்டார் சைக்கிளையும் பார்க்கும், ஓரத்தில் நிற்கும் மனிதரையும் பார்க்கும். பார்ப்பதை எண்ணவும் எண்ணியபடி விநாடிகளைக் கொடுக்கவும் அதற்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் மனிதர்களே. கம்பத்தின் அடியில் நிற்பவரை எண்ணச் சொன்னால்தான் அது எண்ணும்.

பெரிய சடக்கின் ஓரத்தில் அமைந்த நம் பள்ளிகள் பலவற்றில் இந்தக் கருவிகள் எதுவும் கிடையா. காலையில் பள்ளி தொடங்கும் முன்னும் மதியம் மணி அடித்த பின்னும், மிளிரும் சட்டை அணிந்த ஒருவர் 'பெர்ஹெந்தி' என்று எழுதிய வட்டப் பலகையைத் தூக்கிக்கொண்டு சாலையின் நடுவில் இறங்குகிறார். லோரி நின்றதும் பிள்ளைகளை விடுகிறார். கூட்டத்தில் பின்தங்கி, புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வரும் கடைசிப் பிள்ளை மறு ஓரத்தில் கால் வைத்த பிறகே பலகையை இறக்குகிறார்.